பி.டி. வாத்தியார் ஆகணுமா? போடி மலையடிவாரத்துல போட்டுப் பார்த்த 7 வருடக் கணக்கு!

போடிநாயக்கனூரில் வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே ஜீப் சத்தம் வந்துடும். தூக்குவாளியும் தலைத்துணியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அந்த ஜீப்கள் முந்தலைத் தாண்டி, போடிமெட்டுக்குப் போகும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக ஏறி, இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாயும்போது அதே வளைவுகளில் இறங்கி வரும். நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் என்றால் அந்த ஜீப்பில் உங்கள் அம்மாவோ அத்தையோ போயிருக்கலாம்.

அப்படி ஒரு வீட்டில் டிகிரி முடித்த பையனோ பெண்ணோ, "பி.பி.எட் சேரப்போறேன்" என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி இது: "ஏப்பா, விசில் ஊதுறதுக்கு எதுக்குப்பா இன்னொரு படிப்பு?" அடுத்த கேள்வி கொஞ்சம் மெதுவாக வரும். "படிச்சா வேலை கெடைக்குமா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். விசில் ஊதுவது அந்தப் படிப்பில் ரொம்பச் சின்ன பகுதி. உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல், காயங்களுக்கான முதலுதவி, யோகா, தடகள மைதானத்தை அளந்து கோடு போடுவது, போட்டி நடத்துவதற்கான அட்டவணை போடுவது, கபடியிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் வரை தானும் செய்து மற்றவருக்கும் சொல்லிக் கொடுப்பது, பள்ளிக்கே போய் வகுப்பெடுக்கும் கற்பித்தல் பயிற்சி என நான்கு செமஸ்டர் ஓடும். முன்பு ஒரே வருடத்தில் முடிந்த பி.பி.எட், தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு 2 வருடப் படிப்பாகிவிட்டது. அதற்கு மேல் எம்.பி.எட் இன்னொரு 2 வருடம். டிகிரி 3, பி.பி.எட் 2, எம்.பி.எட் 2. மொத்தம் 7 வருடம். எம்.பி.பி.எஸ் படித்த உங்கள் ஸ்கூல் நண்பர் அதற்குள் டாக்டராகி ஊசி போட ஆரம்பித்திருப்பார்!

இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன்னால், சேர்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மலையடிவாரப் பிள்ளைகளுக்கு அது முக்கியமான சிக்கல்.

பி.பி.எட்டுக்குத் தகுதி என்ன என்று விதிமுறையில் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் வரி இப்படி இருக்கும்: ஏதாவது ஒரு டிகிரியில் 50 சதவிகித மதிப்பெண், கூடவே பள்ளி, மாவட்டம், மண்டலம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என ஏதாவது ஓர் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கலந்துகொண்டிருக்க வேண்டும். மாநில, தேசியப் போட்டிகளில் ஆடியவர்கள், போட்டிகளில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள், டிகிரியிலேயே உடற்கல்வியை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு 45 சதவிகிதம் போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் ஆகப்போகிறவர் ஒருமுறையாவது மைதானத்தில் இறங்கியிருக்க வேண்டாமா?

ஆனால், அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? குறுவட்டப் போட்டிக்கு உங்கள் பெயரைக் கொடுத்து, வயதுச் சான்று எடுத்து, பஸ் பிடித்துக் கூட்டிப் போய், ஓடவைத்து, கையில் காகிதத்தோடு திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர் யார்? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். குறுவட்டத்தில் ஜெயித்தால்தான் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால்தான் மாநிலம். குடியரசு தின விழாப் போட்டி, பாரதியார் தின விழாப் போட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் ஏணி. முதல் படியில் ஏற்றிவிட ஆள் இல்லாத பள்ளியில் படித்த பிள்ளை, எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த ஓட்டத்துக்குச் சாட்சி கிடையாது. பி.டி. வாத்தியார் இல்லாத பள்ளியில் படித்தவர் பி.டி. வாத்தியார் ஆவது கஷ்டம். அவர் ஆகாததால் அந்தப் பள்ளிக்கு, அந்த ஊரைத் தெரிந்த பி.டி. வாத்தியார் வருவதும் கஷ்டம். அங்கிட்டும் இங்கிட்டும் கதவு பூட்டியிருக்கிறது!

சரி, பள்ளியில் ஏன் ஆள் இல்லை? இதற்கு அதிகாரிகளைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சட்டத்தைப் படித்துவிடலாம்.

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளியில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருள்கள் கொடுக்கப்பட வேண்டும். இதில் சின்னப் பள்ளி, பெரிய பள்ளி என்ற பேதம் இல்லை. ஆனால், அதே அட்டவணையில் சொல்லித்தரும் ஆளைப் பற்றிய வரிக்கு வந்தால் கதை மாறுகிறது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான் உடல்நலம், உடற்கல்விக்குப் பயிற்றுநர். அவரும் பகுதி நேரம்தான். ஒன்று முதல் ஐந்து வரை அதுவும் இல்லை.

அதாவது, சட்டப்படி பந்து எல்லாப் பள்ளிக்கும் உண்டு. பந்தை எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆள் எல்லாப் பள்ளிக்கும் இல்லை. அதனால் பந்து பீரோவுக்குள் இருக்கும். பீரோ சாவி ஹெச்.எம்-மிடம் இருக்கும். நீங்களும் இதைப் பார்த்திருப்பீங்க.

கொட்டகுடி, குரங்கணி, முதுவாக்குடி, சிறைக்காடு மாதிரியான மலைக்கிராமங்களில் இந்த 100 என்ற எண்ணை வைத்துப் பாருங்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலும் சேர்த்து 100 பிள்ளைகள் வேண்டுமென்றால் ஊர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சரிவில் வீடுகள் பத்தும் இருபதுமாகச் சிதறிக் கிடக்கின்றன. காய் பறிப்புக் காலத்தில் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போய்த் தங்குகிறவர்களும் உண்டு. தலையை எண்ணிப் பணியிடம் கொடுத்தால் மலை எப்போதும் தோற்கும். சமவெளிக்கு எழுதிய விதி அது.

இதில் வேதனையான வேடிக்கை என்னவென்றால், உடல் வலுவில் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கவே தேவையில்லை. ஸ்கூலுக்கு ஏறி இறங்குவதே இவர்களுக்குப் பயிற்சி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கியபோது, மீட்புப் படைகள் வருவதற்கு முன்பே மேலே ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அந்தக் கால்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: ஸ்டார்ட்டிங் பிளாக்கில் எப்படிக் கால் வைப்பது என்பது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஒரு வாத்தியார் வேண்டும்.

ஒப்புக்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே தொடக்கப் பள்ளிகளின் உடற்கல்விக்கென்று 2013-லிருந்து தனி நிதி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2017-ல் அதை இரட்டிப்பாக்கிய பிறகு கணக்கு இப்படி: பள்ளியில் 17 பிள்ளைகள் இருந்தாலே ஆண்டுக்கு 16,000 பவுண்டு, அதற்கு மேல் தலைக்கு 10 பவுண்டு. முதலில் பள்ளிக்கு ஒரு மொத்தத் தொகை, பிறகுதான் தலை எண்ணிக்கை. நம் ஊரில் தலையை எண்ணிவிட்டுத்தான் பள்ளியையே பார்க்கிறோம். இங்கிலாந்துப் பணம் நமக்கு வேண்டாம்; அந்தக் கணக்குப் போடும் முறை நமக்கும் கட்டுப்படியாகும். நாலைந்து மலைப்பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியரைப் போட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. மத்தியச் சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தானே.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. படிச்சா வேலை கெடைக்குமா?

அந்தச் சட்டத்தில் இருக்கும் 'பகுதி நேரம்' என்ற சொல் தமிழ்நாட்டில் என்ன ஆனது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி என்று 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர்களாக அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2021-ல் அது 10,000 ஆனது. 2024-ல் 12,500. மே மாதம் சம்பளம் கிடையாது என்பது அவர்களின் நெடுநாள் குறையாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடும் செய்தியை நீங்கள் போனில் பலமுறை தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள். அடுத்த தடவை நின்று படியுங்கள். பி.பி.எட் சேரப் போகிறீர்கள் என்றால் அது உங்கள் எதிர்காலம் பற்றிய செய்தி.

முழுநேர வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி. வழி. அதில் இரண்டு வாசல். முதலாவது, உடற்கல்வி ஆசிரியர் பணி. 2017 செப்டம்பரில் சிறப்பாசிரியர் தேர்வு நடந்தபோது உடற்கல்விக்கு 663 இடங்கள் இருந்தன. தேர்வு முடிந்தும் வழக்கு, பட்டியல், மறுபட்டியல் என்று நியமனம் வருடக்கணக்கில் இழுத்தது. அந்தப் பதவிக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். இரண்டாவது வாசல், மேல்நிலைப் பள்ளிகளுக்கான உடற்கல்வி இயக்குநர் நிலை-1. இதற்கு எம்.பி.எட் வேண்டும். முதுநிலை ஆசிரியர்களோடு சேர்த்து ஒரே தேர்வு. அடிப்படைச் சம்பளம் 36,900-ல் ஆரம்பம். கூடுதலாகப் படிக்கும் 2 வருடத்தின் விலை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இந்த முதுநிலைத் தேர்வுக்கான அறிவிப்பு 2019, 2021, 2025 ஆண்டுகளில் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்தை ஒட்டிய இடங்கள்; 2025-ல் 1,996. அது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. உடற்கல்விக்கு அதில் சின்னப் பங்குதான். பொதுப்பிரிவினர் 53 வயது வரை எழுதலாம், மற்றவர்கள் 58 வயது வரை எழுதலாம் என்று சலுகை இருக்கிறது. நல்ல சலுகைதான். ஆனால் 60-ல் ஓய்வு பெற வேண்டிய வேலைக்கு 58 வரை தேர்வு எழுதலாம் என்றால், வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகப் போக இன்னொரு வழி உண்டு. எம்.பி.எட்டில் 55 சதவிகிதம், நெட் அல்லது செட் தேர்வு, கூடவே யு.ஜி.சி-யின் உடல்தகுதித் தேர்வு. 30 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் கடக்க வேண்டும். பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். நடக்கலாம், ஓடலாம். குரங்கணிக்காரர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். நெட் தேர்வு அப்படிச் சிரிக்க வைக்காது.

தனியார் பள்ளிகள் இருக்கின்றன. கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே முயற்சி செய்வதானால் கேரளத்தின் கே-டெட் தேர்வில் நான்காம் பிரிவு உடற்கல்வி ஆசிரியர்களுக்கானது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் ஜீப்பில் அம்மா தாண்டிப் போகும் எல்லையை வேறு வேலைக்காக நீங்கள் தாண்டுவதில் தப்பில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு "அப்போ சேர வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டால், இல்லை. என் கணிப்பு வேறு. அரசு வேலை ஒன்றை மட்டும் நம்பி, 'எப்படியும் டி.ஆர்.பி. வரும்' என்று சேர்கிறவர்களுக்கு இந்தப் படிப்பு பெரிய ஏமாற்றத்தைத் தரும். மைதானத்தில் நிற்பதுதான் பிடிக்கும், தனியார் பள்ளியிலோ பயிற்சி முகாமிலோ சில வருடங்களை ஓட்டத் தயார், நடுவில் தேர்வுக்கும் படிப்பேன் என்கிறவர்களுக்கு இது சரிவரும். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சரிவரும் என்பேன். எட்டாம் வகுப்பு வரை பின்னிப்பின்னி ஓடிய பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் மைதானத்து ஓரம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை எழுப்பிக் கூட்டிவர ஒரு டீச்சர் வேண்டும். சாரால் அது பல நேரம் முடியாது.

எங்கே படிப்பது? 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் ஆசியாவிலேயே முதலாவது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவர் அவர். இன்றும் நந்தனத்தில் அந்தக் கல்லூரி இயங்குகிறது. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா, திருச்செந்தூர் சிவந்தி ஆதித்தனார், கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தின் மாருதி கல்லூரி என்று தென் மாவட்டத்திலும் கொங்கிலும் பழைய பெயர்கள் உண்டு. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்ற பிறகு, 12 வருடத்துக்கு மேல் போடி ரயில் இல்லாத ஊராக இருந்தது. 2023 ஜூனிலிருந்து சென்னைக்கே நேரடி ரயில், வாரம் மூன்று நாள். சேர்க்கைத் தேர்வுக்குப் போக அது ஒரு சௌகரியம்.

ஒரு எச்சரிக்கை. பி.பி.எட், எம்.பி.எட் இரண்டும் நேரடி வகுப்பில் மட்டுமே படிக்க வேண்டிய படிப்புகள். தொலைநிலையில் கிடையாது. "நீங்க வரவே வேண்டாம் தம்பி, பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று யாராவது போனில் சொன்னால், அந்த நம்பரை பிளாக் பண்ணிடுங்க. தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரிக்கு நேரில் போய், மைதானத்தில் புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். முழங்கால் உயரப் புல் நிறைய விஷயம் சொல்லிவிடும்.

நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பில் உடற்கல்வியையும் சேர்க்கப் போவதாகத் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் 2025-ல் அறிவித்தது. பிளஸ் டூ முடித்ததும் சேரும் வழி அது. அது பரவலாக வந்தால் ஏழு வருடக் கணக்கு சுருங்கும். ஆனால் போஸ்ட் கணக்கு சுருங்காது, அது வேறு மேசையில் இருக்கிறது. பி.இ.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டது எல்லோருக்கும் பிடித்திருந்தது, ரீல்ஸாகவும் ஓடியது. நல்ல பேச்சுதான். ஆனால் பி.டி. வாத்தியாரே இல்லாத பள்ளியில் அந்த பீரியடை யாரிடமிருந்து கடன் வாங்குவது?

டிகிரியில் இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ பாக்கி இருக்கிறதா? நாளைக்குக் காலேஜ் போனதும் பிசிகல் டைரக்டர் அறைக்குப் போய், இந்த வருடம் இன்டர் காலேஜ் போட்டிக்கு டீம் செலக்‌ஷன் எப்போ என்று கேளுங்கள். கபடியோ, கோ-கோவோ, நீண்டதூர ஓட்டமோ, எதில் இடம் இருக்கிறதோ அதில் நில்லுங்கள். ஊர்த் திருவிழாவில் அண்டா ஜெயித்த டோர்னமென்ட் எல்லாம் பி.பி.எட் விண்ணப்பத்தில் எடுபடாது. கல்லூரிப் பெயரில் போய் ஆடியதுதான் எடுபடும். பள்ளியில் தவறவிட்ட சாட்சியை வாங்க இதுதான் கடைசி இடம்.

டிகிரி முடித்துவிட்டீர்கள் என்றால், வீட்டில் பீரோவின் மேல் தட்டைத் தேடுங்கள். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ யாரோ ஒரு பி.டி. சார் உங்களைப் பஸ் ஏற்றிக் குறுவட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தால், அந்தக் காகிதம் ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் எங்கேயாவது மடிந்து கிடக்கும்.